கம்பெனிக்குள் பேச்சும் எழுத்தும் எதற்காக? ஒரு பனியன் ஆர்டரை வைத்து ஒரு விளக்கம்

கேள்வி இது: "வணிக நிறுவனங்களில் தகவல் தொடர்பின் நோக்கங்கள் என்னென்ன? பாடப்புத்தகத்தில் தகவல் தருதல், ஆணையிடல், ஆலோசனை, அறிவுரை, வேண்டுகோள், இணங்கவைத்தல், எச்சரித்தல், கற்பித்தல், ஊக்குவித்தல், மன உறுதியை உயர்த்தல் என்று வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். படித்தால் எல்லாம் ஒன்று போலவே தெரிகிறது. உண்மையான கம்பெனியில் இவை எப்படி இருக்கும்?" கேட்டவர் எம்.காம். மாணவி.

எல்லாம் ஒன்று போலவே தெரிகிறது என்றீர்களே, அது நியாயமான சந்தேகம்தான். பட்டியலில் தப்பு இல்லை. தேர்வில் அதை எழுதத்தான் வேண்டும். ஆனால் அது முழுக்கச் சொல்கிறவர் பக்கம் நின்று போட்ட பட்டியல். சொன்னது ஆணையா, ஆலோசனையா, எச்சரிக்கையா என்று பிரித்துக் கொடுக்கிறது. கம்பெனியில் யாரும் அப்படிப் பிரித்துப் பேசுவதில்லை. மேனேஜர் தையல் லைனுக்கு (மெஷின்கள் வரிசையாக இருக்கும் இடம்) வந்து "சனிக்கிழமைக்குள்ள இந்த லாட் போயிருமுங்களா?" என்று கேட்டால் அது கேள்வியா, ஆணையா, எச்சரிக்கையா? மூன்றும்தான்.

அதனால் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் வேறு மாதிரி பார்க்கச் சொல்வேன். இந்தச் செய்தி போய்ச் சேர்ந்த பிறகு, வாங்கியவர் என்ன செய்ய வேண்டும்? எதை வெட்ட வேண்டும், எதை நிறுத்த வேண்டும், எதற்கு ஒப்புதல் தர வேண்டும்? அதுதான் அந்தச் செய்தியின் நோக்கம். எனக்குத் தெரிந்த தொழில் திருப்பூர் பனியன் ஏற்றுமதி. மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர் வந்ததில் இருந்து சரக்கு போகும் வரை எல்லோரிடமும் பேசி வேலையை ஒருங்கிணைப்பவனாக இருந்தவன் என்பதால் அங்கிருந்தே சொல்கிறேன். வேறு தொழிலில் பெயர்கள் மாறும், சங்கதி பெரிதாக மாறாது.

ஒரு டி-ஷர்ட் ஆர்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பையர், அதாவது சரக்கை வாங்குபவர், ஐரோப்பாவில் இருக்கிறார். நூல் ஒரு மில்லில் இருந்து வருகிறது. நிட்டிங் (நூலைத் துணியாகப் பின்னுவது) ஓரிடம், சாயப்பட்டறை ஓரிடம், காம்பாக்டிங் (பின்னால் சுருங்காதபடி துணியை இறுக்குவது) வேறிடம், பிரிண்டிங் இன்னோரிடம். இதில் பாதிக்கு மேல் ஜாப் ஒர்க். அதாவது உங்கள் முதலாளிக்குச் சொந்தமில்லாத இடங்கள். கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் மட்டும் ஒரே கூரைக்குள் நடக்கலாம். கடைசியில் கன்டெய்னர் தூத்துக்குடிக்குப் போகிறது. இத்தனை கை மாறும் சரக்கை முழுதாகப் பார்ப்பவர் யாரும் இல்லை. பையர் துணியைப் பார்ப்பதில்லை, சாய மாஸ்டர் பையரைப் பார்ப்பதில்லை, தைக்கிற அக்காவுக்கு அது எந்த நாட்டுக்குப் போகிறது என்பதே லேபிளைப் பார்த்தால்தான் தெரியும். ஒருவர் பார்ப்பதை மற்றவர் பார்க்க முடியாத இந்த இடைவெளியை நிரப்பத்தான் டெக் பேக் (சட்டையின் அளவும் விவரமும் அடங்கிய குறிப்பு), மெயில், போன், டெலிவரி சலான், மீட்டிங் எல்லாம். பட்டியலில் முதலில் வரும் 'தகவல் தருதல்' என்பது இதுதான். கேட்க எளிதாக இருக்கிறது. உண்மையில் அதிகம் கெட்டுப்போவதும் இதுதான்.

கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். சாம்பிள் அனுப்புகிறோம். பையரிடமிருந்து மெயில் வருகிறது: கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றி வரும் இழுவைப் பட்டி) அகலம் 2 செ.மீ. வேண்டும், வந்திருப்பது 1.8, தோள்பட்டை டேப் வேண்டாம், மற்றபடி சரி, பிபி சாம்பிள் அனுப்புங்கள். பிபி சாம்பிள் என்றால் உற்பத்தி தொடங்கும் முன் உண்மையான துணியில், உண்மையான நூலில், உண்மையான லேபிளோடு தைத்து ஒப்புதல் வாங்கும் சாம்பிள். அந்த மெயில் மூன்று வரிதான். ஆனால் அந்த மூன்று வரி எத்தனை பேருக்குப் போக வேண்டும் பாருங்கள். பேட்டர்ன் மாஸ்டர் ரிப் பேட்டர்னை மாற்ற வேண்டும். ரிப் துணி எவ்வளவு பிடிக்கும் என்ற கணக்கு மாறும், ஆகவே துணி வாங்குபவருக்குத் தெரிய வேண்டும். தோள்பட்டை டேப்புக்கு ஏற்கெனவே ஆர்டர் கொடுத்திருந்தால் அதை நிறுத்த வேண்டும். டேப் ஒட்டும் வேலை குறைவதால் லைனில் ஆள் கணக்கு மாறும். செக்கிங் மேஜையில் இருப்பவர்களுக்கு 2 செ.மீ. என்ற புது அளவு தெரியாவிட்டால், சரியாகத் தைத்த பீஸையே அவர்கள் ரிஜெக்ட் செய்வார்கள்.

மெர்ச்சண்டைசர் அந்த மெயிலை அப்படியே எல்லோருக்கும் ஃபார்வர்டு செய்துவிட்டு 'தகவல் கொடுத்தாச்சு' என்று உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பேட்டர்ன் மாஸ்டர் மெயில் பார்க்கிறவராக இருக்க மாட்டார். செக்கிங் அக்காக்களிடம் மெயில் ஐடியே இருக்காது. அதனால்தான் பிபி மீட்டிங் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒப்புதல் ஆன சாம்பிளை மேஜையில் போட்டு, கட்டிங் மாஸ்டர், லைன் சூப்பர்வைசர், குவாலிட்டி ஆள், அயர்னிங், பேக்கிங் எல்லோரையும் சுற்றி நிற்கவைத்து, கழுத்திலிருந்து அடி மடிப்பு வரை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவது. நன்றாக நடத்தப்படும் பிபி மீட்டிங்கில் மெர்ச்சண்டைசர் பேசுவது குறைவாக இருக்கும். "இந்த ரிப்பு இந்தத் துணியில இழுத்துத் தச்சா அலை அடிக்குமுங்க" என்று சூப்பர்வைசர் சொல்வது அங்கேதான் வெளியே வரும். அது லைனில் துணி ஏறிய பிறகு வந்தால் பணம். அதற்கு முன்னால் வந்தால் வெறும் பேச்சு. புத்தகம் 'ஆலோசனை' என்று தனித் தலைப்புப் போடுவது இதற்குத்தான். அதைக் கேட்க ஓர் இடமும் நேரமும் ஒதுக்காத கம்பெனியில் ஆலோசனைப் பெட்டி மட்டும் சுவரில் தொங்கும்.

தகவல் என்றதும் அளவும் அலகும் ஞாபகம் வருகிறது. பையர் செ.மீ.யில் பேசுவார், மாஸ்டர் இஞ்சில் பேசுவார். இது பனியனுக்கு மட்டும் வந்த சோதனை கிடையாது. நாசா அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற விண்கலம் 1999 செப்டம்பரில் செவ்வாயை நெருங்கும்போது தொலைந்துபோனது. விண்கலத்தைக் கட்டிய லாக்ஹீட் மார்ட்டின் பக்கத்து மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அலகில் கொடுத்தது. நாசா பக்கம் அதை நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது. எண் போய்ச் சேர்ந்தது, அலகு போய்ச் சேரவில்லை. பாதை சரியாக இல்லை என்று வழிகாட்டும் குழுவில் சிலருக்குப் பயணத்தின் நடுவிலேயே சந்தேகம் வந்திருந்தது. அது உரிய முறையில் மேலே போகவில்லை என்பது விசாரணையில் தெரிந்தது. இந்த இரண்டாவது விஷயத்தைப் பின்னால் எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்தது ஆணை. இதைப் பற்றிப் புத்தகங்கள் தெளிவாக இரு, சுருக்கமாக இரு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். நியூஜெர்சி பெல் தொலைபேசிக் கம்பெனியின் தலைவராக இருந்த செஸ்டர் பர்னார்ட் 1938-இல் சொன்னது இதைவிட உருப்படியானது. ஆணைக்கு அதிகாரம் அதைக் கொடுக்கிறவரிடம் இல்லை, ஏற்றுக்கொள்கிறவரிடம்தான் இருக்கிறது என்றார். நான்கு நிபந்தனைகள் சேர்ந்தால்தான் ஒருவர் ஆணையை ஏற்பார்: அது அவருக்குப் புரிய வேண்டும், நிறுவனத்தின் நோக்கத்துக்கு எதிரானது என்று அவருக்குத் தோன்றக் கூடாது, அவருடைய சொந்த நலனோடு ஒட்ட வேண்டும், அதைச் செய்ய அவரால் முடிய வேண்டும்.

இதை ஒரு தையல் லைனில் வைத்துப் பாருங்கள். 'இஞ்சுக்கு 12 தையல் விழ வேண்டும்' என்று போர்டில் எழுதிப் போட்டாயிற்று. ஒடிசாவில் இருந்தோ பீகாரில் இருந்தோ வந்த டெய்லருக்குத் தமிழும் ஆங்கிலமும் படிக்கத் தெரியாது. முதல் நிபந்தனை போச்சு. பீஸ் ரேட்டில் சம்பளம் வாங்குகிறவருக்குத் தையல் நெருக்கமாக வைத்தால் வேகம் குறையும், சனிக்கிழமை கையில் வருவது குறையும், மூன்றாவது போச்சு. மெஷின் செட்டிங்கை மெக்கானிக் வந்து மாற்றித் தராவிட்டால் அவர் நினைத்தாலும் முடியாது, நான்காவதும் போச்சு. ஆணை என்னவோ ரொம்பத் தெளிவாகத்தான் இருந்தது. மொழி விஷயத்தைச் சட்டமே கவனித்திருக்கிறது: 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், சட்டப்படி ஒட்ட வேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. திருப்பூரில் எத்தனையோ கம்பெனிகளில் இப்போது இந்தியிலும் போர்டு இருப்பதைப் பார்க்கலாம். அரசியல் வேறு, அவசர வழி எந்தப் பக்கம் என்பது வேறு.

அப்புறம் கேட்டுத் தெரிந்துகொள்வது. புத்தகப் பட்டியலில் இது சரியாக இடம்பெறுவதே இல்லை. தகவல் கொடுப்பதைத்தான் எழுதுகிறார்கள், வாங்குவதை எழுதுவதில்லை. ஆனால் மெர்ச்சண்டைசர் நாள் முழுக்கச் செய்வது இதுதான். நேவி நிறத்தில் சாயம் போடக் கொடுத்த துணிக்காக (அதுதான் நேவி லாட்) சாயப்பட்டறைக்குப் போன் போடுகிறார்:

"மாஸ்டர், நேவி லாட் என்னைக்கு வருமுங்க?"

"நாளைக்கு வந்துருமுங்க."

மறுநாள் அதே கேள்வி, அதே பதில். இங்கே மாஸ்டர் பொய் சொல்கிறார் என்று கோபப்படுகிறார்கள். நான் அப்படிப் பார்க்க மாட்டேன். 'என்றைக்கு' என்று கேட்டால் அவரிடம் வாக்குறுதி கேட்கிறீர்கள். வாக்குறுதி கொடுத்தால் போன் வைக்கப்படும். அவருக்கு வேலை கிடக்கிறது. கொடுத்துவிடுகிறார். அந்த 'நாளைக்கு' என்ற பதிலின் நோக்கம் பேச்சை முடிப்பது. கேள்வியை மாற்றிப் பாருங்கள். "நேவி லாட் மெஷின்ல ஏறிருச்சுங்களா? எந்த மெஷின்ல?" இதற்கு 'நாளைக்கு' என்று பதில் சொல்ல முடியாது. ஏறியிருந்தால் ஏறியிருக்கிறது. ஏறவில்லை என்றால் அதன் பிறகு சாயம், காயவைப்பது, காம்பாக்டிங் எல்லாம் இருக்கிறது, நாளைக்கு வராது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அவர் முகத்துக்கும் பங்கம் இல்லை. நல்ல மெர்ச்சண்டைசருக்கும் சுமாரான மெர்ச்சண்டைசருக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி இந்தக் கேள்வி கேட்கும் விதத்தில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கெட்ட செய்தி மேலே போவது. நோக்கங்களிலேயே ஒன்றை மட்டும் தேர்ந்தெடு என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். நல்ல செய்தி தானே போய்விடும். அதற்கு எந்த ஏற்பாடும் வேண்டாம். கெட்ட செய்திக்குக் கால் கிடையாது.

துணியில் ரோலுக்கு ரோல் ஷேட் மாறுகிறது என்று கட்டிங் மேஜையில் இருப்பவர் கண்டால், அப்போது நஷ்டம் கொஞ்சம் துணியும் ஒரு நாளும். ரோல்களைப் பிரித்து, ஒரே ஷேட் ஒரே சட்டையில் வருமாறு வெட்டினால் சமாளிக்கலாம். அவர் வாயைத் திறக்காமல் வெட்டிவிட்டால், உடம்பு ஒரு நிறம், கை ஒரு நிறம் என்று தைத்து வரும். செக்கிங்கில் கண்டால் தையல் கூலியும் போனது. பையரின் இன்ஸ்பெக்ஷனில் கண்டால் ஷிப்மென்ட் நிற்கும். புதுத் துணி சாயம் போட்டு மறுபடி தைத்து முடிக்கும்போது கப்பல் போயிருக்கும். தாமதம் நம் மேல் என்பதால் ஏர் ஷிப்மென்ட் செலவு நம் தலையில். கடையில் கண்டால் அந்தப் பையரே போய்விடுவார். ஒரே செய்திதான். எவ்வளவு நேரம் கழித்து மேலே வருகிறதோ அவ்வளவு விலை ஏறுகிறது.

பிறகு ஏன் கட்டிங் மேஜைக்காரர் வாயைத் திறப்பதில்லை? சொன்னால் முதல் கேள்வி "நீ எதுக்கு முன்னாடியே பார்க்கல?" என்று வரும். இரண்டாவது, அவர் கட்டிங்கை நிறுத்தினால் லைன் காத்திருக்கும், சூப்பர்வைசர் அவர் மேல் பாய்வார். மூன்றாவது, போன தடவை சொன்னபோது "பரவால்ல, வெட்டு" என்றார்கள். இந்த மூன்றாவதுதான் ஆளை நிரந்தரமாக ஊமையாக்குகிறது.

டொயோட்டா இதற்குக் கண்ட வழி உலகப் பிரசித்தம். லைனில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் இழுக்கக்கூடிய ஒரு கயிறு, ஆண்டான் என்பார்கள். கோளாறைக் கண்டால் இழுக்க வேண்டும். பலகையில் விளக்கு எரியும், குழுத் தலைவர் வந்து நிற்பார். அந்த நிலையத்துக்கான நேரத்துக்குள் சரிசெய்ய முடிந்தால் லைன் ஓடிக்கொண்டே இருக்கும், முடியாவிட்டால் நிற்கும். இதைப் பார்த்துவிட்டு வந்து கயிறு மட்டும் கட்டிய தொழிற்சாலைகள் உலகம் முழுக்க உண்டு. இழுத்தவரைத் திட்டினால் ஒரு வாரத்தில் கயிறு அலங்காரப் பொருளாகிவிடும். இழுத்த உடனே ஒருவர் வந்து நிற்பதுதான் அதில் உயிரான பகுதி. சொன்னால் ஏதோ நடக்கிறது என்று தெரிந்தால்தான் மறுபடி சொல்வார்கள்.

இதன் மறுமுனையை நம் தொழிலே பார்த்திருக்கிறது. வங்கதேசத்தில் டாக்காவுக்கு அருகே சவாரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம். 2013 ஏப்ரல் 23 அன்று அதில் விரிசல்கள் தெரிந்தன. ஆட்களை வெளியே அனுப்பினார்கள். தொலைக்காட்சியில்கூட வந்தது. கீழ்த்தளங்களில் இருந்த வங்கிக் கிளையும் கடைகளும் மறுநாள் திறக்கவில்லை. மேலே இருந்த ஐந்து கார்மென்ட் தொழிற்சாலைகளின் தொழிலாளர்களை மட்டும் 24-ஆம் தேதி காலை உள்ளே போகச் சொன்னார்கள். போகாவிட்டால் சம்பளத்தில் கைவைப்போம் என்று மிரட்டியதாகப் பிழைத்தவர்கள் சொன்னார்கள். ஒன்பது மணிக்குச் சற்று முன் கட்டடம் சரிந்தது. 1,100-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள்.

இங்கே தகவல் இல்லாமல் போகவில்லை. விரிசல் எல்லோருக்கும் தெரியும். வங்கி ஊழியருக்கும் தையல்காரருக்கும் ஒரே செய்திதான் கிடைத்தது. அந்தச் செய்தியை வைத்து 'நான் உள்ளே போக மாட்டேன்' என்று முடிவெடுக்கும் இடம் ஒருவருக்கு இருந்தது, மற்றவருக்கு இல்லை. அடுத்த மாதமே பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து போட்ட அக்கார்டு என்ற ஒப்பந்தத்தில், கட்டட ஆய்வோடு சேர்த்து, தொழிலாளர்கள் புகார் சொல்லும் வழியும் ஆபத்தான இடத்தில் வேலை செய்ய மறுக்கும் உரிமையும் சேர்க்கப்பட்டன. தகவல் தொடர்பின் நோக்கம் என்று தேர்வில் எழுதும்போது இந்த உரிமையையும் சேர்த்து யோசியுங்கள். செவ்வாய் விண்கலத்தில் சந்தேகப்பட்டவர்கள் படித்த பொறியாளர்கள். அவர்கள் சொல்லும் வழியே சரியாக இல்லாதபோது, டெய்லரிடம் 'ஏன் சொல்லவில்லை' என்று எப்படிக் கேட்பது?

பக்கவாட்டில் பேசிக்கொள்வதைப் பற்றிச் சுருக்கமாக. பிரெஞ்சு சுரங்கக் கம்பெனி ஒன்றைப் பல்லாண்டு நிர்வகித்த ஹென்றி ஃபயோல் 1916-லேயே இதற்கு விடை சொல்லிவிட்டார்: இரண்டு துறைகளின் கீழ்மட்ட ஆட்கள் ஒவ்வொரு சங்கதிக்கும் உச்சி வரை ஏறி மறுபக்கம் இறங்க வேண்டியதில்லை, நேராகப் பாலம் போட்டுப் பேசலாம், அவரவர் மேலதிகாரிக்குத் தெரிந்திருந்தால் போதும். இன்றைக்கு அந்தப் பாலம் வாட்ஸ்அப் குரூப். நல்லதுதான். ஆனால் ஒரு ஆர்டருக்கு ஒரு குரூப், துறைக்கு ஒரு குரூப், முதலாளி இருக்கும் குரூப், முதலாளி இல்லாத குரூப் என்று ஆகும்போது, 'குரூப்ல போட்டேனே' என்பது பொறுப்பைக் கைகழுவும் வாசகமாகிவிடுகிறது. இருபது பேர் பார்த்த செய்திக்கு யாருமே பொறுப்பில்லை. பெயர் சொல்லிக் கேட்பதுதான் இதற்கு ஒரே மருந்து.

ஆதாரம் வைப்பதும் ஒரு பெரிய நோக்கம். இதையும் புத்தகங்கள் தனித் தலைப்பாகப் போடுவதில்லை. பையர் போனில் "கலர் ஓகே" என்றால், வைத்த உடனே "இன்று பேசியபடி, லேப் டிப்பில் பி ஆப்ஷனை ஒப்புக்கொண்டீர்கள், இதை வைத்துத் துணிக்குச் சாயம் போடுகிறோம்" என்று ஒரு மெயில் போட வேண்டும். லேப் டிப் என்பது சாயத்தின் சிறு மாதிரித் துணி. இரண்டு மூன்று சாயல்களில் போட்டு அனுப்புவோம். அந்த மெயில் பையருக்குப் புதிதாக எதையும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து, அந்தப் பையரின் இடத்தில் வேறொருவர் வந்து உட்கார்ந்து "இந்தக் கலரை யார் ஒப்புக்கொண்டது?" என்று கேட்பாரே, அவருக்காகப் போடுவது. 2020 மார்ச்சில் கொரோனா வந்து பையர்கள் ஆர்டர்களை ரத்து செய்தபோதும், நிறுத்தி வைத்தபோதும் இதன் அருமை தெரிந்தது. எந்தத் தேதியில் எவ்வளவு துணி வெட்டியாகிவிட்டது, அதற்கு யார் அனுமதி கொடுத்தார் என்று எழுத்தில் வைத்திருந்தவருக்குப் பேச்சுவார்த்தையில் பிடிப்பதற்கு ஒரு கொம்பு இருந்தது. சட்டமும் இதே காரணத்துக்காகச் சில தகவல்களை எழுத்தில் கேட்கிறது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி பொதுக்கூட்டத்துக்குப் பொதுவாக 21 நாள், இயக்குநர் குழுக் கூட்டத்துக்கு 7 நாள் முன்னறிவிப்பு வேண்டும். நடந்ததைக் குறிப்பேட்டில் ஏற்ற வேண்டும்.

ஒன்று சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: ஆதாரத்துக்காக எழுதும் மெயிலும் வேலை நடப்பதற்காக எழுதும் மெயிலும் வேறு. எல்லா மெயிலையும் பின்னால் வரப்போகும் சண்டைக்குத் தயாராக எழுதுகிற ஆட்கள் உண்டு. பதினைந்து பேருக்கு நகல் வைப்பார்கள். அவர்களோடு யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள்.

இணங்கவைத்தல், பேரம் இவை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திருப்பூரில் அதற்கு யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு குறிப்பு மட்டும். நூல் விலை ஏறிவிட்டது, பீஸுக்குக் கூடுதல் விலை வேண்டும் என்று கேட்பவர் பெரும்பாலும் தன் கஷ்டத்தைச் சொல்வார். பையருக்கு அது ஒட்டாது. நூல் இவ்வளவு, நிட்டிங் இவ்வளவு, சாயம் இவ்வளவு, கூலி இவ்வளவு என்று பிரித்துக் காட்டி, ஜி.எஸ்.எம்.மை (துணியின் கனம், சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) கொஞ்சம் குறைத்தால் பழைய விலைக்கே தரலாம் என்று இரண்டாவது வழியும் வைத்தால், அவர் தன் மேலதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்ட ஒரு காகிதம் கிடைக்கிறது. அவர் இணங்கினால் மட்டும் போதாது, அவர் இன்னொருவரை இணங்கவைக்க வேண்டும்.

ஊக்கம், மன உறுதி என்ற தலைப்புகளில் புத்தகங்கள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. என் கணக்கில் இதில் முக்கால்வாசி, வதந்திக்கு இடம் கொடுக்காமல் இருப்பதுதான். 2025 ஆகஸ்டு கடைசியில் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 50 சதவீதமானது. அமெரிக்க ஆர்டர் பார்க்கும் ஊருக்கு அது என்ன செய்தி என்று சொல்ல வேண்டாம். அந்த மாதிரி நேரத்தில் லைனில் இருப்பவர் மனத்தில் ஓடுவது ஒரே கேள்வி: நமக்கு வேலை இருக்குமா, தீபாவளி போனஸ் வருமா? கம்பெனி வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் டீக்கடையில் தயாராகும். பக்கத்துக் கம்பெனியில் ஒரு ஷிஃப்ட் குறைந்தால், சாயங்காலத்துக்குள் இங்கே கதவடைப்பு என்று பேச்சு வரும். நல்ல டெய்லர்கள்தான் முதலில் வேறு இடம் பார்ப்பார்கள். அவர்களுக்குத்தான் வேறு இடம் கிடைக்கும். 'இந்த மாதம் வரை கையில் ஆர்டர் இருக்கிறது, அதற்கு மேல் பேசிக்கொண்டிருக்கிறோம், அடுத்த சனிக்கிழமை மறுபடி சொல்கிறோம்' என்று ஒரு முதலாளி நேரில் வந்து சொன்னால், அதில் நல்ல சேதி எதுவும் இல்லை; ஆனாலும் ஆள் நிற்பார்கள். அந்தச் சனிக்கிழமை வந்து சொல்லவும் வேண்டும். சொல்லாமல் விட்டால் முன்பு சொன்னதும் சேர்ந்து வீண்.

வெளியாருக்குச் சொல்வது என்பது தனி உலகம். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி என்றால் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் 2015-ஆம் ஆண்டு விதிமுறைகள் வந்துவிடும். இயக்குநர் குழு எடுத்த முக்கிய முடிவை வழக்கமாக, கூட்டம் முடிந்த 30 நிமிடத்துக்குள் பங்குச் சந்தைக்குத் தெரிவிக்க வேண்டும். அங்கே நோக்கம் விளம்பரம் கிடையாது. உள்ளே இருப்பவருக்கு முன்கூட்டித் தெரிந்து, வெளியே பங்கு வைத்திருப்பவர் ஏமாறக் கூடாது என்பது. திருப்பூரில் பெரும்பாலானவை குடும்ப, கூட்டு நிறுவனங்கள் என்பதால் அவர்களுக்கு வெளியார் என்றால் முக்கியமாக இரண்டு பேர்தான். ஒருவர் வங்கி, மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் (கையிருப்புச் சரக்கின் கணக்கு) போக வேண்டும். இன்னொருவர் பையரின் சார்பில் வந்து தொழிற்சாலையைச் சோதிக்கும் ஆடிட்டர். ஆடிட் வருகிறது என்றதும் தொழிலாளர்களுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று பாடம் எடுக்கும் வழக்கம் உண்டு. அதுவும் தகவல் தொடர்புதான். நோக்கம் மட்டும் மறைப்பது. இதைப் புத்தகத்தில் எதிர்பார்க்காதீர்கள்.

கடைசியாக உங்கள் தேர்வு விஷயம். பத்து மதிப்பெண் கேள்வி என்றால் பத்துத் தலைப்புகளையும் ஒரே நீளத்தில் எழுத வேண்டாம். தகவல், ஆணை, இணங்கவைத்தல், எச்சரிக்கை, கற்பித்தல் ஆகியவற்றை இரண்டிரண்டு வரியில் முடித்துவிடுங்கள். கீழிருந்து மேலே போகும் தகவலுக்கு அரைப் பக்கம் கொடுங்கள்; அங்கே பர்னார்டின் நான்கு நிபந்தனைகளையும் ஆண்டானையும் ராணா பிளாசாவையும் வைக்கலாம். ஃபயோலின் பாலத்துக்கு ஒரு சின்னப் படம் போட்டால் கண்ணுக்குத் தெரியும். 'பதிவும் ஆதாரமும்' என்று ஒரு தலைப்பைச் சேர்த்து, கம்பெனிகள் சட்டத்தின் 21 நாள், 7 நாள் முன்னறிவிப்பை எழுதுங்கள். உதாரணத்துக்கு உங்கள் ஊரில் உள்ள தொழில் எதுவோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்: சிவகாசி என்றால் அச்சகம், நாமக்கல் என்றால் கோழிப் பண்ணை அல்லது லாரி. ஆர்டர் வந்ததில் தொடங்கிச் சரக்கு போகும் வரை யார் யாருக்கு எதைச் சொல்கிறார்கள் என்று ஒரு நாள் போய் விசாரித்தாலே பாதிப் பதில் கிடைத்துவிடும்.